பின்சில்லு

ஸ்பெயின்காரன் விட்டுப்போன சைக்கிள் அது.
இருபத்தொரு கியர்.
விமானத்தில் ஏற்றக் காசு கூடவாம்.
பூட்டுச் சாவியை என் கவுண்டரில் வைத்துவிட்டு
பில்லின் பின்பக்கத்தில் தன் ஊரைக் கீறிக் காட்டினான்:
மேடு, பள்ளம், மேடு.
மேடெல்லாம் புள்ளி புள்ளியாய் ஒலிவ மரங்கள்,
வகிடெடுத்துச் சீவிய தலைபோல் வரிசை.
உங்கள் ஊரில் மேடு இருக்கிறதா என்று கேட்டான்.
எனக்குத் தெரியவில்லை.
நாற்பத்தொரு வருசமாய் இந்தத் திருகோணமலையில்
பஸ்ஸில்தான் போய்வருகிறேன்.
பஸ்ஸுக்குத்தான் தெரியும் மேடு.

செவ்வாய்க்கிழமை. இரண்டு பேருக்கும் ஒரேநாள் லீவு,
அது பிறை பார்ப்பது மாதிரி.
ரினோசா தம்பியின் லுமாலாவோடு வந்தாள்.
கரியரில் தண்ணிப் போத்தல்,
ஆறு பணிஸ், ஒரு குடை.
"மழை ஏதடி ஆனி மாசத்தில?"
"கிடக்கட்டும்."
அலஸ்தோட்டச் சந்தியில் ஐந்தே முக்கால்.
கடல் முதுகுப்பக்கம் போயிற்று.

கன்னியா வரைக்கும் கதைத்துக்கொண்டு போனோம்.
மனேஜரின் மனைவி, சம்பளம், அவளுடைய பல்வலி.
அதன்பிறகு றோட்டு மூச்சுவிடத் தொடங்கியது.
ஏறும். இறங்கும்.
இறங்கியதற்கு வட்டி போட்டு ஏறும்.
கச்சான் காற்று எதிரே நின்று
நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது.
நாலு தரம் கியர் மாற்றினேன், பிறகு ஏழு தரம்.
செயின் கறகறவென்று எதையோ யோசித்தது.
ஒரேயொரு பல்லுச்சில்லோடு
ரினோசா என்னைத் தாண்டிப் போனாள்.
மேட்டைத் திட்டினேன்,
ஸ்பெயினைத் திட்டினேன்,
இரண்டு பிள்ளை பெற்ற என் இடுப்பைத் திட்டினேன்.

ஓரிடத்தில் அவள் இறங்கினாள்.
இருபது அடி உருட்டினாள். மறுபடி ஏறினாள்.
அங்கே ஒன்றும் இல்லை,
துருப்பிடித்த ஒரு பீப்பாயும் எருக்கலையும் தவிர.
நான் அவ்விடம் வந்து சேர்ந்தபோது
என் கால்களும் தாமாகவே இறங்கின.
அதைப்பற்றி இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தேக்கங்காடு. கருகிய புல்.
நடுறோட்டில் யானை விட்டுப்போன லத்தி,
இன்னும் ஆவி பறந்தது. அந்த இடத்தில் மட்டும்
எனக்கு ஸ்பெயின்காரனின் வேகம் வந்தது.
பிறகு பாலை மரங்கள்.
வரிசையாவது மண்ணாவது,
நினைத்த நினைத்த இடத்தில் நின்றன,
கல்லுக்கு மேலே, கானுக்குள்ளே,
ஒன்று கிட்டத்தட்ட றோட்டிலேயே.

பன்குளத்துக்கு இந்தப் பக்கம், ஒரு பாலைக்குக் கீழே,
பழம் அளந்து விற்ற மனுசி
என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தாள்.
பின்பக்கத்தைத் தூக்கிச் சில்லைச் சுற்றிவிட்டாள்.
அரைச் சுற்றில் நின்றது.
"மிஸ், பிரேக் பிடிச்சு நிக்குது," என்றாள்
பாதித் தமிழில்,
"வீட்டிலயிருந்தே பிடிச்சுத்தான் வந்தது."
ஐந்து ரூபாக் குத்தியால் ஒரு திருகாணியை
கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
திரும்பச் சுற்றிவிட்டாள்.
நாங்கள் பழம் வாங்கி, காசு எண்ணி,
மிச்சம் வாங்கி முடித்த பிறகும்
சில்லு நிற்கவில்லை.

பாலைப்பழத்துக்கு ஒரு குணம்:
தின்னத் தின்ன உதட்டை ஒட்டிப்போடும்.
ஒரு பை முடிய இருவருக்கும் வாய் பூட்டு.
அப்படியே திரும்பினோம்.
இப்போது கச்சான் முதுகில்,
றோட்டு கிழக்கே கடலைப் பார்த்துச் சரிய,
நான் மிதிக்கவில்லை, மிதிக்கவேயில்லை,
எனக்குப் பக்கத்தில் டப் என்றொரு சத்தம்.
ரினோசா ஒற்றைக் கையில் குடையை விரித்திருந்தாள்.
காற்று அதற்குள் புகுந்து
அவளையும் லுமாலாவையும் மிச்சப் பணிஸையும்
அள்ளிக்கொண்டு போனது.
சிரிக்க வாய் திறக்கவில்லை எனக்கு,
மூக்கால் சிரித்தேன்.
அடுத்த வளைவில் குடை மறுபக்கம் மடிந்து
கம்பிகள் வானத்தைப் பார்த்தன.

கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழு.
வாளி வாளியாய் முழங்காலுக்கு வார்த்து
தேய்த்துத் தேய்த்துப் பசை போக்கியதும்
அவள் கேட்ட முதல் கேள்வி:
"அடுத்த லீவு எப்ப?"
ரோஸ்டர் பார்க்கவேணும் என்றேன்.